பழைய காரை எப்போது மாற்றுவது?

சொந்தப் பயன்பாட்டுக் காரின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும்; அதன்பின் பரிசோதனைக்குக் காட்டி 5 ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கலாம் என்பதால், வயதை மட்டும் பார்த்து நல்ல வண்டியைத் தள்ளிவிட வேண்டாம் என்றே உறவினர்களிடம் சொல்லி வருகிறேன். கிளட்சும் டயரும் தேய்வது இயல்புதான். ஆனால் கதவின் அடிவிளிம்பில் பெயிண்ட் கொப்பளித்து, விரலால் அழுத்தினால் தகரம் உதிர்கிறது என்றால், செலவழிப்பதை அத்துடன் நிறுத்திவிட வேண்டும்.

புதுக் காருக்கு ஷோரூம் விலையோடு சாலை வரியும் காப்பீடும் சேரும். மதிப்பும் முதல் சில ஆண்டுகளில்தான் வேகமாகச் சரியும். ஆகவே மூன்று, நான்கு ஆண்டுகள் ஓடிய, சர்வீஸ் ரெக்கார்டு முழுமையாக உள்ள சிங்கிள் ஓனர் வண்டியே நடுத்தரக் குடும்பத்துக்கு ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. எதை வாங்கினாலும், பழைய பாலிசியில் 50 சதவீதம் வரை சேர்ந்திருக்கக்கூடிய நோ கிளெய்ம் போனஸை (இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காக, வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) புதிய பாலிசிக்கு மாற்றிக்கொள்ள மறக்காதீர்கள்.