கோழிக்கறி வாராவாரச் சாப்பாடு ஆனது எப்படி

ஒரு தலைமுறைக்கு முன் கோழிக்கறி என்றால் தீபாவளி, இல்லையென்றால் வீட்டுக்கு மாப்பிள்ளை வரவேண்டும். இன்று ஞாயிறு காலை எந்த ஊர்க் கடைத்தெருவிலும் கறிக்கடை முன் கூட்டம். மக்களிடம் காசு புழங்குகிறது, நாக்கு ருசி கேட்கிறது என்பார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் பெரிய காரணம் கோழிக் கொட்டகையில் இருக்கிறது.

ஒரு வெள்ளாடு ஐந்து மாதம் சினை சுமந்து ஒன்றிரண்டு குட்டி போடும். குட்டி கறிக்குத் தயாராக எட்டு, பத்து மாதம் ஆகும். கறிக்கோழியின் தாய்க்கோழியோ தன் முட்டைக் காலத்தில் சுமார் 140 குஞ்சு தருகிறது. பொரிப்பகத்தில் 21 நாள், கொட்டகையில் 40 நாள், அவ்வளவுதான்; கோழி இரண்டு கிலோ எடைக்கு வந்துவிடும். அதுவரை அது தின்பது ஏறத்தாழ மூன்றேகால் கிலோ தீவனம். உற்பத்திச் செலவில் மூன்றில் இரண்டு பங்கு இந்தத் தீவனம்தான் என்பதால், மக்காச்சோளமும் சோயா புண்ணாக்கும் ஏறினால் கறி விலையும் ஏறியே தீரும்.

கோயம்புத்தூர், பல்லடம், உடுமலை வட்டாரத்தில் ஒப்பந்த வளர்ப்பு வேரூன்றியதும் இதோடு சேர்ந்துகொண்டது. குஞ்சு, தீவனம், மருந்து, மருத்துவர் எல்லாம் கம்பெனி பொறுப்பு. கொட்டகை, தண்ணீர், மின்சாரம், உழைப்பு விவசாயி பொறுப்பு. கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. சந்தை விழுந்தால் அடி கம்பெனிக்கு. கோழி செத்தாலோ தீவனம் கூடுதலாகச் செலவானாலோ விவசாயியின் கூலியில் பிடித்தம். மழையை நம்பிப் பயிர் வைத்தவர்கள் இதற்கு மாறியதில் வியப்பில்லை. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 12 கோடிக்கும் மேல் கோழியினங்கள் இருந்தன, நாட்டிலேயே முதலிடம். நாமக்கல் முட்டைக்கோழிகளும் இதில் அடக்கம்.

வாங்குகிறவர் பக்கம் பார்த்தால், நான்கு பேர் உள்ள வீட்டுக்கு முக்கால் கிலோ போதும், இருபது இருபத்தைந்து நிமிடத்தில் வெந்துவிடும். மாட்டுக்கறி, பன்றிக்கறி தொடாதவர்களும் கோழி சாப்பிடுவார்கள் என்பதால், பிரியாணிக் கடை போடுகிறவர் முதலில் எழுதுவது கோழியைத்தான்.

எல்லா மாதமும் ஒரே அளவு விற்பதில்லை. புரட்டாசியில் பாதிப் பேர் கறியை நிறுத்திவிடுவார்கள், கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் வீட்டில் அடுப்பு மாறும். ஆனால் புரட்டாசியில் விற்கும் கோழி, ஆடியில் பொரிப்பகத்துக்குள் வைத்த முட்டை. ஆடியில் அம்மன் கோயில் விசேஷங்களால் விற்பனை சூடாக இருக்கும் நேரத்தில்தான் முட்டை வைப்பதைக் குறைக்க வேண்டும். அதே போல, தீபாவளிக்கு வேண்டிய கோழிக்கு ஆவணியிலேயே முட்டை வைத்தாக வேண்டும். இதில் ஒருவர் தப்புக் கணக்குப் போட்டாலும் சமாளிக்கலாம். எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தால் விலை சரியும். எடை வந்த கோழியைக் கொட்டகையில் நிறுத்திவைக்கவும் முடியாது. ஆறு வாரம் தாண்டினால் தின்பது கூடும், அதற்கேற்ற எடை ஏறாது, இடநெருக்கடியில் சாவும் கூடும். அதனால் வந்த விலைக்குத் தள்ளுகிறார்கள்.

சித்திரை, வைகாசியில் நிலைமை தலைகீழ். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது, வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். 35 டிகிரி தாண்டினால் தீவனத்தை விட்டுத் தண்ணீரையே குடிக்கும். எடை குறையும், கடைசி வாரத்துப் பெரிய கோழிகள்தான் முதலில் விழும். குளிர்காலத்தில் கோழிக்கு ஒரு சதுர அடி போதும் என்றால் கோடையில் கூடுதல் இடம் விட்டு, குஞ்சைக் குறைத்துத்தான் இறக்க வேண்டும். முற்பகல் பதினொன்று முதல் நான்கு வரை தீவனத்தை எடுத்துவிட்டு அதிகாலையிலும் இரவிலும் கொடுப்பார்கள். வயிற்றில் தீவனம் செரிக்கும்போது உடம்பு இன்னும் சூடாகும் என்பதே காரணம். வரத்து குறைவதால் கோடையில் விலை ஏறும்.

பயமும் விற்பனையை விழுத்தாட்டும். 2006-இல் மகாராஷ்டிராவின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் வந்தபோதும், 2020 தொடக்கத்தில் கோழியால் கொரோனா பரவும் என்ற வதந்தி ஓடியபோதும் விலை படுத்துவிட்டது. நன்றாக வேகவைத்த கறியில் பறவைக் காய்ச்சல் கிருமி பிழைக்காது.

ஹார்மோன் ஊசி போட்டு வளர்க்கிறார்கள் என்ற பேச்சு இன்றும் ஓயவில்லை. ஐயாயிரம் கோழிக்குத் திரும்பத் திரும்ப ஊசி போட ஆளும் இல்லை, அந்தச் செலவுக்குக் கட்டுப்படியும் ஆகாது. வேகமான வளர்ச்சி பல தலைமுறைத் தேர்வால் வந்த இனக்குணம். கவலைப்பட வேண்டியது ஆன்டிபயாடிக்கைப் பற்றி. கோலிஸ்டின் என்ற மருந்தை உணவுக்கு வளர்க்கும் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் கொடுக்க மத்திய அரசு 2019-இல் தடை விதித்தது. மற்ற மருந்துகள் கொடுத்தால் குறிப்பிட்ட நாள் கழித்தே கோழியைப் பிடிக்க வேண்டும். அந்த இடைவெளி எல்லாக் கொட்டகையிலும் காக்கப்படுகிறதா என்பதைத்தான் நாம் விடாமல் கேட்க வேண்டும்.

கடையில் ஏமாறாமல் இருக்க ஒரு கணக்கு: இரண்டு கிலோ உயிர்க்கோழியைத் தோலுரித்துச் சுத்தம் செய்தால் சுமார் 1.3 கிலோ கறி. உயிர் எடைக்குக் கிலோ 130 ரூபாய் என்றால் தோலில்லாக் கறி கிலோ 200 ரூபாய்க்கு நேர். இரண்டு விலையும் பலகையில் இருந்தால் உயிர் எடை விலையை 0.65-ஆல் வகுத்துக் கறி விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், எதில் வாங்குவது லாபம் என்று தெரிந்துவிடும்.