பிரிட்ஜில் இருட்டு வேண்டும்

சரக்குக் கப்பலில் இரண்டாம் அதிகாரியின் வாட்ச், அதாவது கண்காணிப்புப் பணிமுறை, பெரும்பாலும் நள்ளிரவு பன்னிரண்டு மணிக்குத் தொடங்கி நான்கு மணிக்கு முடியும். அந்த நேரத்திலேயே பல ஆண்டுகள் பணியாற்றியதில் எனக்கு உறுதிப்பட்ட ஒன்று உண்டு: கடலின் இருட்டைக் காட்டிலும், கப்பலை நடத்தும் அறையான பிரிட்ஜுக்குள் நாமே எரியவிட்டிருக்கும் வெளிச்சம்தான் பார்வையைக் கெடுக்கிறது.

வாட்சை ஏற்க வரும் அதிகாரியின் கண் இருட்டுக்கு முழுமையாகப் பழகும் வரை அவர் பொறுப்பேற்கக் கூடாது என்று மாலுமிகளின் பயிற்சி, தகுதிச் சான்று, வாட்ச் பணி பற்றிய பன்னாட்டு விதித்தொகுப்பான எஸ்.டி.சி.டபிள்யூ.வே சொல்கிறது. விழித்திரையில் நிறங்களை உணரும் கூம்புச் செல்கள் பத்து நிமிடங்களுக்குள் பழகிவிடும். மங்கிய ஒளியை உணரும் கோல் செல்களுக்கோ ஏறத்தாழ அரை மணி நேரம் வேண்டும். கேபினில் குழல்விளக்கின் கீழ் தேநீர் அருந்திவிட்டு, படியேறும்போது கைப்பேசியையும் ஒரு முறை பார்த்துவிட்டு, பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வந்து நிற்பவர், லாக் புத்தகத்தில் கையெழுத்திட்ட பிறகும் வெகுநேரம் பாதிப் பார்வையோடுதான் கப்பலை நடத்துகிறார். விதி இருந்தும், இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

பொழுது சாய்ந்ததும் பிரிட்ஜை ஒரு முறை சுற்றி வருவது நல்ல பழக்கம். ரேடார் திரையின் ஒளியைக் குறைத்து, மின்னணு வரைபடத்தை இரவு நிறத்துக்கு மாற்றி, கடல் வரைபடங்களை விரிக்கும் சார்ட் மேசையின் கறுப்புத் திரைச்சீலையை இழுத்துவிட வேண்டும். அலாரம் பலகைகளின் பச்சை, நீலப் பொட்டு விளக்குகள் சிறியவைதாம். ஆனால் முன் கண்ணாடியில் அவை பிரதிபலிக்கும்போது தொலைவில் படகு விளக்கு தெரிவது போலவே இருக்கும். நான் அவற்றின் மேல் கறுப்பு டேப்பைச் சிறு துண்டுகளாக வெட்டி ஒட்டிவிடுவேன். வாசிக்க ஒளி வேண்டுமென்றால் சிவப்பு விளக்கு ஏற்றது; கோல் செல்கள் ஆழ்ந்த சிவப்பை ஏறக்குறைய உணர்வதே இல்லை. அதையும் மங்கலாகவே வைக்க வேண்டும்.

கன்னியாகுமரியிலிருந்து கொல்லம் வரையிலான கடலில் இரவு வாட்ச் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். மரத்தாலும் ஃபைபராலும் ஆன வள்ளங்கள் ரேடாரில் நன்றாகப் பதிவதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அலைகளின் எதிரொலியோடு கலந்து அடியோடு மறைந்துபோகும். தான் யார், எங்கே இருக்கிறேன் என்று பிற கப்பல்களுக்குத் தானாகவே அறிவிக்கும் ஏ.ஐ.எஸ். கருவியும் பல வள்ளங்களில் இருப்பதில்லை. கப்பல் நெருங்கிவிட்டதென்று தெரிந்தபின் ஒருவர் எழுந்து டார்ச் அடிப்பார். ஓரிரு நொடிகள் மட்டுமே தெரியும் அந்த வெளிச்சத்தைக் காண்பதற்கு மனிதக் கண்ணை விட்டால் வேறு வழியில்லை.

குளச்சல் பக்கத்து மீனவக் குடும்பத்திலிருந்து வந்த ஏ.பி. (தேர்ந்த மாலுமி) ஒருவர் என்னோடு வாட்ச் பார்த்தார். மழையில்லாத இரவுகளில் அவர் உப்புப் படிந்த கண்ணாடிக்குப் பின்னால் நிற்கவே மாட்டார். வெளியே, பிரிட்ஜின் பக்கவாட்டுத் தளமான விங்கில் போய் நிற்பார். "சார், நேரே பாத்தா அணைஞ்சிரும், கொஞ்சம் மேல பாருங்க" என்று பயிற்சி அதிகாரிக்கு ஒரு முறை சொல்லிக் கொடுத்தார். விழித்திரையின் நடுக்குழியில் கோல் செல்களே இல்லை என்பதால், மங்கிய விளக்கை உற்றுப் பார்த்தால் அது மறையும்; அடிவானத்துக்குச் சற்று மேலே பார்வையை வைத்தால் அதுவே தெளியும். பாடப்புத்தகத்தில் அதைப் படித்திருந்த அந்த இளைஞர் செய்து பார்த்தது அன்றுதான்.

விளக்கைக் கண்டுவிட்டால் மட்டும் போதாது. இருட்டில் தனித்துத் தெரியும் ஒளியை வெறித்துப் பார்த்தால், அசையாத அதுவும் அசைவது போலத் தோன்றும். மோத வரும் படகின் விளக்கோ இருந்த இடத்திலேயே நிற்பது போல இருக்கும். அசைவதையே கவனிக்கப் பழகிய கண்ணை இவ்விடத்தில் நம்ப முடியாது. ஆகவே விங்கிலுள்ள திசைகாட்டியில் அதன் திசைக்கோணத்தை எடுத்து, சில நிமிடங்கள் விட்டு மீண்டும் எடுக்க வேண்டும். நெருங்கி வந்தும் கோணம் மாறவில்லையென்றால் மோதல் ஆபத்து உண்டு என்று 1972 கடல் மோதல் தடுப்பு விதிகள் கொள்ளச் சொல்கின்றன. வள்ளத்தில் வி.எச்.எஃப். வானொலி இருக்கும், யாராவது பதில் சொல்வார்கள் என்று காத்திராமல், அப்போதே கேப்டனுக்குத் தகவல் சொல்லிவிட்டு, எதிரில் இருப்பவர் கண்ணுக்கும் புலப்படும் அளவுக்குக் கப்பலை நன்றாகத் திருப்பிவிட வேண்டும்.