ஹியூகோ விருதுக்கு ஓட்டுப் போட்ட கதை

2024 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. காபி ஆறிப்போனதுகூடத் தெரியாமல் ஒரு பிடிஎஃப் கோப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அறிவியல் புனைகதைக்கும் மிகுபுனைவுக்கும் கொடுக்கப்படும் ஹியூகோ விருதின் 2023ஆம் ஆண்டு முன்மொழிவுக் கணக்கு அது. எந்தப் படைப்புக்கு எத்தனை பேர் ஓட்டுப் போட்டார்கள் என்று பிரிவுவாரியாக இருந்தது. சிறந்த நாவல் பிரிவில் ஆர். எஃப். குவாங்கின் 'பேபல்' இருந்தது. இறுதிப் பட்டியலுக்குள் வருவதற்குத் தேவையான ஓட்டும் அதற்கு இருந்தது. ஆனால் பெயர் பக்கத்தில் ஒரு குறி, அதற்கு விளக்கமாக 'தகுதியில்லை' என்று ஒரு சொல். ஏன் தகுதியில்லை, எந்த விதிப்படி என்று ஒரு வரிகூட இல்லை.

அந்த நாவலை முன்மொழிந்தவர்களில் நானும் ஒருவன். அதனால்தான் இதை எழுதுகிறேன். இனிமேல் ஓட்டுப் போட நினைக்கிறவர்களுக்கு நான் தடுக்கி விழுந்த இடங்கள் தெரியட்டும்.

ஹியூகோவுக்கு நடுவர் குழு கிடையாது. 1953இல் முதன்முதலாகக் கொடுத்தார்கள். வேர்ல்ட்கான் எனும் உலக அறிவியல் புனைகதை மாநாட்டின் உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் விருது. இரண்டு கட்டம் உண்டு. முதலில் பிடித்த படைப்புகளை முன்மொழிவார்கள், அதிலிருந்து வரும் இறுதிப் பட்டியலுக்கு மறுபடி விருப்ப வரிசைப்படி ஓட்டுப் போடுவார்கள். கடைசியில் இருப்பது சுற்றுக்கு ஒன்றாக வெளியேற, அதன் ஓட்டுகள் அடுத்த விருப்பத்துக்குப் போகும். மாநாட்டுக்குப் போக வேண்டிய அவசியமில்லை, உறுப்பினர் கட்டணம் கட்டினால் வீட்டிலிருந்தே ஓட்டுப் போடலாம். நான் முதலில் சேர்ந்தது 2022 சிகாகோ மாநாட்டில், 50 டாலர் கட்டி.

அந்த 50 டாலரைக் கட்டுவதற்குத்தான் இரண்டு வாரம் ஆனது. இந்திய டெபிட் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை தானாகத் திறந்திருக்காது, நாம்தான் திறக்க வேண்டும். என் வங்கியின் செயலியில் அந்தப் பொத்தானை அழுத்தினால் 'கிளையை அணுகவும்' என்று வந்தது. கிளைக்குப் போனேன். அதைக் கவனிப்பவர் விடுப்பில் இருக்கிறார், திங்கள்கிழமை வாங்க என்றார்கள். அரை நாள் வீண். திங்கள்கிழமை கவுன்ட்டரில் இருந்த அம்மா படிவத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "எதுக்கு சார் டாலர்ல கட்டுறீங்க?" என்று கேட்டார். ஒரு புத்தக விருதுக்கு ஓட்டுப் போட என்றேன். "ஓட்டுப் போட நாம காசு கட்டணுமா? ஏமாத்து வேலையா இருக்கப் போகுது சார், பாத்துக்கோங்க" என்றார். அக்கறையோடுதான் சொன்னார். 1953லிருந்து நடக்கும் விருது அம்மா, அப்படியெல்லாம் இல்லை என்று அவருக்கு விளக்கிவிட்டு வந்தேன். அந்தப் பேச்சு பிறகு பலமுறை நினைவுக்கு வந்தது.

அடுத்த சிக்கல் பெயர். உறுப்பினர் படிவத்தில் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம். நமக்கு ஏது குடும்பப்பெயர்? இருப்பது அப்பா பெயரின் முதலெழுத்து. குடும்பப்பெயர்க் கட்டத்தில் அந்த ஒற்றை எழுத்தைப் போட்டேன். கார்டிலோ அப்பா பெயர் முழுதாக இருந்தது. பணம் ஒரு முறை போய்த் திரும்பி வந்து, இரண்டாவது முறைதான் ஏறியது. நீங்கள் சேர்வதாக இருந்தால் கார்டில் என்ன பெயரோ அதையே படிவத்திலும் போட்டுவிடுங்கள். எந்த மின்னஞ்சல் முகவரி கொடுத்தீர்கள் என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுச் சீட்டுக்கான இணைப்பு அதற்குத்தான் வரும், பெரும்பாலும் ஸ்பேம் பெட்டிக்குள் போய் உட்கார்ந்திருக்கும்.

இன்னொன்று. ஒரு மாநாட்டில் உறுப்பினராக இருந்தால் அடுத்த ஆண்டு விருதுக்கும் முன்மொழியலாம். ஆனால் அடுத்த ஆண்டின் இறுதி ஓட்டைப் போட முடியாது, அதற்குத் தனியாகச் சேர வேண்டும். சிகாகோவில் கட்டிய பணத்தை வைத்துத்தான் 2023இல் சீனாவின் செங்டு நகரில் நடந்த மாநாட்டின் விருதுக்கு என்னால் முன்மொழிய முடிந்தது.

முன்மொழியும்போது ஒரு பிரிவுக்கு ஐந்து படைப்புகள் வரை எழுதலாம். இடம் இருக்கிறதே என்று ஐந்தையும் நிரப்பாதீர்கள். 2017லிருந்து நடைமுறையில் இருக்கும் கணக்குப்படி ஒரு பிரிவில் உங்களுக்கு இருப்பது ஒரே ஒரு புள்ளி. ஐந்து பெயர் எழுதினால் அது ஐந்தாகப் பிரியும், எண்ணும்போது அதில் ஒன்று வெளியேறினால் மிச்சமிருப்பவற்றுக்குப் பங்கு கூடும். ஒரு கும்பல் சேர்ந்து ஒரே பட்டியலைப் போட்டு மொத்த இடத்தையும் பிடித்துவிடக்கூடாது என்பதற்காகக் கொண்டுவந்த முறை இது. 2015இல் அப்படி நடந்தது. ஹியூகோ ஓட்டுச் சீட்டில் 'யாருக்கும் விருது வேண்டாம்' என்று ஒரு தேர்வு எப்போதும் உண்டு. நம் ஊர் நோட்டா மாதிரிதான், ஆனால் இங்கே அதனால் ஜெயிக்கவும் முடியும். அந்தக் கும்பலை எதிர்த்துப் பலரும் அதற்கே ஓட்டுப் போட, 2015இல் ஐந்து பிரிவுகளில் அதுவே ஜெயித்தது.

சிறந்த நாவலுக்கு நான் இரண்டே பெயர்தான் எழுதினேன். முதலாவது 'பேபல்'. 1830களின் ஆக்ஸ்ஃபோர்டில் நடக்கும் கதை. ஒரு சொல்லை இன்னொரு மொழிக்குக் கொண்டுபோகும்போது எது தவறிப்போகிறதோ அதையே விசையாக்கி வெள்ளிக் கட்டிகள் இயங்கும், அந்த வெள்ளியின் பலத்தில் பேரரசு இயங்கும். கல்கத்தாவிலிருந்து வந்த மாணவன் ஒருவனும் அதில் முக்கியமான பாத்திரம். பள்ளியில் ஆங்கிலத்துக்குள் தள்ளப்பட்டு, வீட்டில் தமிழுக்குத் திரும்பி வந்த எனக்கு அந்த நாவல் என்னவாக இருந்தது என்பதைச் சொல்லப்போனால் அது தனிக் கட்டுரையாகிவிடும்.

2023 ஜூலையில் இறுதிப் பட்டியல் வந்தது. ஆறு நாவல்கள், 'பேபல்' இல்லை. ஆச்சரியமாகத்தான் இருந்தது. அதற்குள் இதே துறையின் பெரிய விருதுகளான நெபுலா, லோகஸ் இரண்டையும் வாங்கியிருந்த புத்தகம் அது. சரி, ஓட்டு போதவில்லை போல, வாசகர்களின் முடிவு என்றால் முடிவுதான் என்று விட்டுவிட்டேன். இப்போதும் உறுத்துவது அதுதான். ஆறு மாதம் நான் மற்ற வாசகர்களின் ரசனையைக் குறை நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் என்னைப் போலவே ஓட்டுப் போட்டிருந்தார்கள்.

விருது விழா 2023 அக்டோபர் 21 அன்று செங்டுவில் நடந்தது. ஓட்டுக் கணக்கை வெளியிட விதி 90 நாள் அவகாசம் தருகிறது. வழக்கமாக விழா முடிந்த கையோடு, பல ஆண்டுகளில் அன்றிரவே, வந்துவிடும். இந்த முறை அவகாசம் தீரும்வரை வரவில்லை, ஜனவரி 20 அன்றுதான் வந்தது. திறந்து பார்த்தால் 'பேபல்' மட்டுமில்லை. புதிய எழுத்தாளருக்கான அஸ்டவுண்டிங் விருதில் ஷிரன் ஜே ஜாவோ, ரசிக எழுத்தாளர் பிரிவில் பால் வைமர், 'ஸாண்ட்மேன்' திரைத் தொடரின் ஒரு பகுதி, எல்லாவற்றுக்கும் அதே 'தகுதியில்லை'. சில பிரிவுகளில் முதல் சில பெயர்களுக்கும் அடுத்த பெயருக்கும் நடுவே ஓட்டு எண்ணிக்கை செங்குத்தாக விழுந்திருந்தது. முந்தைய ஆண்டுகளின் கணக்குகளைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவற்றில் சரிவு படிப்படியாக இருந்தது.

அந்த ஆண்டு விருதை நடத்திய நிர்வாகியிடம் பலரும் பொதுவெளியில் காரணம் கேட்டார்கள். விதிகளைப் பரிசீலித்தோம், தகுதியில்லை என்று முடிவு செய்தோம் என்பதுதான் பதில். திரும்பத் திரும்பக் கேட்டும் அதே பதில். குவாங் தனக்கு எந்தக் காரணமும் சொல்லப்படவில்லை என்று எழுதினார்.

விதிப் புத்தகத்தை அன்றுதான் முழுசாகப் படித்தேன். காசு கட்டும் முன்பே படித்திருக்க வேண்டியது. நீங்களாவது படித்துவிடுங்கள், அது பொதுவில்தான் இருக்கிறது. 2023 விருது 2022இல் வெளியான படைப்புகளுக்கானது. 'பேபல்' வெளியானது 2022 ஆகஸ்டில், கணக்கில் சரியாக வருகிறது. நாவலுக்கான நீளமும் இருக்கிறது. தகுதி நீக்கும் விதி எதுவும் என் கண்ணில் படவில்லை. ஆனால் பெரிய குறை ஒன்று கண்ணில் பட்டது. ஒவ்வோர் ஆண்டும் விருதை நடத்துவது அந்தந்த ஆண்டின் மாநாட்டுக் குழு. அன்றைய விதிப்படி அவர்கள் எடுத்த முடிவைச் சரிபார்க்க மேலே யாரும் இல்லை, முறையிட ஓர் இடம் இல்லை. நம் தேர்தலில் ஒரு வாக்குச்சாவடியில் எத்தனை ஓட்டு விழுந்தது என்று 17சி படிவத்தை வேட்பாளரின் ஏஜென்ட் கையில் கொடுக்கிறார்கள். இங்கே ஓட்டுப் பெட்டி, எண்ணும் மேசை, முடிவு சொல்லும் வாய் எல்லாம் ஒரே அறைக்குள் இருந்தன.

விருதின் பெயருரிமையை வைத்திருக்கும் அமைப்பில் தான் வகித்த பதவியிலிருந்து ஜனவரி முடிவதற்குள் நிர்வாகி விலகினார். அந்த அமைப்பு அவரையும் வேறு சிலரையும் கண்டித்து அறிக்கை விட்டது. பிப்ரவரி நடுவில் எழுத்தாளர்களான கிறிஸ் பார்க்லி, ஜேசன் சான்ஃபோர்ட் இருவரும் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். விருதுக் குழுவில் இருந்த ஒருவரே கொடுத்த உள் மின்னஞ்சல்கள் அதில் இருந்தன. சீனா, தைவான், திபெத் பற்றி யார் என்ன எழுதியிருக்கிறார்கள், என்ன பேசியிருக்கிறார்கள் என்று குழுவினர் எழுத்தாளர்களைத் துருவிப் பார்த்துக் குறிப்பு எடுத்திருக்கிறார்கள். அப்படிப் பார்த்தவர்கள் மேற்கு நாட்டுக்காரர்கள். பால் வைமர் திபெத்துக்குப் போனவர் என்று ஒரு குறிப்பு. அவர் போனது நேபாளத்துக்கு. 'பேபல்' பற்றிய மின்னஞ்சலில், இதில் சீனாவைப் பற்றி நிறைய இருக்கிறது, நான் படிக்கவில்லை என்று எழுதியிருந்தார்கள்.

படிக்கவில்லை. அந்த வரியில் நின்றுவிட்டேன். வங்கிக் கவுன்ட்டர் அம்மா சொன்னது அப்போதுதான் முதல்முறை நினைவுக்கு வந்தது.

சீனாதான் இப்படிச் செய்தது என்று கடந்துபோகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சீன வாசகர்கள் முன்மொழிந்த சில படைப்புகள் நீக்கப்பட்டது பற்றிய கேள்விகளும் அப்போதே எழுந்தன. தங்கள் ஊருக்கு முதல்முறையாக வந்த வேர்ல்ட்கானுக்காகக் காத்திருந்து ஓட்டுப் போட்டவர்கள் அவர்கள். என்னைவிட அவர்களுக்குத்தான் இழப்பு அதிகம்.

இனி இந்த விருதே வேண்டாம் என்று ஒரு வாரம் இருந்தேன். 2024 மாநாட்டை நடத்திய கிளாஸ்கோ குழு பிப்ரவரியில் ஓர் உறுதிமொழி கொடுத்தது. இறுதிப் பட்டியல் வரும்போதே யார் விலகினார்கள், யார் எந்தக் காரணத்தால் நீக்கப்பட்டார்கள் என்று சேர்த்து வெளியிடுவோம், விழா முடிந்த உடனே முழுக் கணக்கையும் தருவோம், விதிகளை எப்படிப் பொருள்கொண்டோம் என்ற பதிவையும் தருவோம் என்றார்கள். அதைப் படித்துவிட்டு 45 பவுண்டு கட்டிச் சேர்ந்தேன். அன்றைய மதிப்பில் நம் காசுக்குச் சுமார் 4,700 ரூபாய். முன்மொழிவதற்காக உறுப்பினராகச் சேரும் கெடு அதற்குள் போய்விட்டது, இறுதி ஓட்டு மட்டும்தான் மிச்சம். மார்ச் 29 அன்று பட்டியல் வந்தது, சொன்னபடியே காரணங்களோடு. மார்தா வெல்ஸ் தன் நாவலை வேண்டாம் என்று விலக்கிக்கொண்டது உட்பட எல்லாம் அதில் இருந்தது. ஓட்டுப் போடுவதில் இந்த முறை ஒரு சிரமமும் இல்லை.

ஜூலையில்தான் வயிற்றைக் கலக்கியது. ஓட்டுப்பதிவு முடிந்த சில நாளில் கிளாஸ்கோ குழு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. மொத்தம் விழுந்த 3,813 ஓட்டுகளில் 377 ஓட்டுகளைச் செல்லாதவை என்று நீக்கிவிட்டார்கள். ஒரு குறிப்பிட்ட போட்டியாளரை ஜெயிக்க வைக்க யாரோ காசு கொடுத்து உறுப்பினர்களைச் சேர்த்திருக்கிறார்கள். பெயர்களை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள். குடும்பப்பெயர் ஒன்றுபோலவே இருக்கும், அதன் முதல் எழுத்து மட்டும் அகரவரிசையில் மாறிக்கொண்டே போகும். சில பெயர்கள் வரிசை எண்களின் மொழிபெயர்ப்பு. அந்தப் போட்டியாளருக்கு இது தெரியும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று சொல்லி அவர் பெயரை வெளியிடவில்லை. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

ஆனால் எனக்குப் பயம் வேறு. என் குடும்பப்பெயர்க் கட்டத்தில் இருப்பது ஓர் ஒற்றை எழுத்து. 2022இல் போட்டதையே பழக்கத்தில் மறுபடியும் போட்டிருந்தேன். கார்டில் உள்ள பெயரையே போடுங்கள் என்று மேலே சொன்னது இதற்கும் சேர்த்துத்தான். பொய்ப்பெயர் என்று என்னையும் தூக்கியிருப்பார்களோ என்று இரண்டு நாள் அலைக்கழிந்தேன். அறிவிப்பை நிதானமாக மறுபடி படித்தபோது மனம் கொஞ்சம் ஆறியது. நீக்கப்பட்ட 377 ஓட்டுகளும் ஒரே போட்டியாளருக்குச் சாதகமாகப் போனவை, பல அடையாளங்கள் சேர்ந்து வந்தவை. எத்தனை ஓட்டு, என்ன காரணம் என்று அவர்கள் எழுதியிருந்ததால்தான் என்னால் அதைச் சரிபார்க்க முடிந்தது.

ஆகஸ்ட் 11 இரவு விழா. இங்கே நள்ளிரவு தாண்டிவிட்டது. மனைவி ஒரு முறை எழுந்து வந்து பார்த்துவிட்டு, "இன்னும் எண்றாங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். விருதுகள் முடிந்த கொஞ்ச நேரத்தில் முழுக் கணக்கும் வந்தது. ஒவ்வொரு சுற்றிலும் யார் வெளியேறினார், அந்த ஓட்டுகள் யாருக்குப் போயின என்று பிரிவு பிரிவாகப் பார்த்தேன். நான் முதலிடம் கொடுத்த நாவல் ஜெயிக்கவில்லை. எந்தச் சுற்றில், எத்தனை ஓட்டில் வெளியேறியது என்று விரலை வைத்துக் காட்ட முடிந்தது. தூங்கப் போனபோது மணி மூன்றரை.

மறுநாள் காலை வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை அணைத்து வைத்தேன். அடுத்த மாநாட்டுக் கட்டணம் கட்டும்போது திறந்துகொள்ளலாம். இப்போதெல்லாம் கிளைக்குப் போக வேண்டியதில்லை.