எத்தனை வருஷம் இருக்கும்?

அக்கா பையனுக்கு 11 வயது. ஒரு வருடமாக அவன் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: வீட்டில் ஏதாவது ஒரு உயிர் வேண்டும். நாயில் ஆரம்பித்தான், பூனைக்கு இறங்கினான், கடைசியில் "எறும்பாவது வளர்க்க விடும்மா" என்ற அளவுக்கு வந்துவிட்டான். அக்கா அசையவில்லை. செல்லப்பிராணிக் கண்காட்சி ஒன்று நடக்கிறது என்று அவன் காதுபட நான் சொன்னது என் தப்பு.

"கூட்டிட்டுப் போ. ஆனா ஒண்ணும் வாங்கிட்டு வரக் கூடாது. பார்க்கிற ஒவ்வொண்ணும் எத்தனை வருஷம் உயிரோட இருக்கும்னு கேட்டு எழுதிட்டு வரட்டும். அப்புறம் பேசலாம்" என்றாள் அக்கா.

பையனைத் தட்டிக்கழிக்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன். ரயிலில் இரண்டு மணி நேரம். அவன் நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்தான். பெயர், எவ்வளவு பெரிசாகும், எத்தனை வருஷம் என்று மூன்று கட்டம். நான்காவது அவனே சேர்த்தது: "அப்போ எனக்கு என்ன வயசு."

வாசலிலேயே ஒரு தகராறு. வீட்டு நாயைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரு குடும்பத்தை உள்ளே விடவில்லை. அவர்களுக்குக் கோபம், எனக்கு அந்த விதி சரியென்றே பட்டது. நாய்க்குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும், செருப்பில் ஒட்டிக்கொண்டும் வீடு வந்து சேரும். நாய் வளர்ப்பவர்கள் இந்த மாதிரி இடத்துக்குப் போய்வந்தால் செருப்பை வெளியே விட்டு, உடை மாற்றிக்கொண்டு நாயைத் தொடுவது நல்லது.

உள்ளே நுழைந்ததும் முதலில் வந்தது வாசனை. ஈர நாய், மரத்தூள், மீன் தொட்டித் தண்ணீர் மூன்றும் கலந்த ஒன்று. அதன்மேல் கிளிகளின் கத்தல். அதற்கும் மேல் ஒலிபெருக்கி.

மீன் பகுதியில் எனக்கு ஒரு பழைய கணக்கு இருந்தது. சின்ன வயதில் உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரு தங்கமீன் வைத்திருந்தேன். எட்டாம் நாள் மிதந்தது. தங்கமீனின் ஆயுளே ஒரு வாரம்தான் போல என்று இத்தனை காலம் நம்பிக்கொண்டிருந்தேன். ஸ்டாலில் இருந்த பெரியவரிடம் பையன் கேள்வியைக் கேட்டான்.

"ஒழுங்கா வெச்சிருந்தா பத்து, பதினைஞ்சு வருஷம் தம்பி."

நான் என் எட்டு நாள் கதையைச் சொன்னேன். சிரித்தார். "மீன் சாகல சார், தண்ணி சாகடிச்சிருக்கு" என்று விளக்கினார். மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். அது மீனுக்கே விஷம். தொட்டியில் வளரும் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகக் கெடுதல் செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றும். அவை தொட்டியில் குடியேறப் பல வாரங்கள் ஆகும். புதுக் கிண்ணம், புதுத் தண்ணீர், அன்றைக்கே மீன் என்றால் எட்டு நாளே அதிகம். இங்கிலாந்தில் டிஷ் என்ற தங்கமீன் 43 வருடம் வாழ்ந்து 1999இல் செத்தது. ஒரு திருவிழாவில் பரிசாகக் கிடைத்த மீன் அது. பையன் 15 என்றும் 43 என்றும் எழுதி, நான்காவது கட்டத்தில் 26, 54 என்று போட்டான். பக்கத்தில் பிளாஸ்டிக் கோப்பைகளில் சண்டை மீன்கள். மேலே வந்து காற்றையே நேராக மூச்சிழுக்க அவற்றுக்கு ஒரு தனி உறுப்பு உண்டு. கோப்பையில் பிழைத்திருப்பது அதனால்தான். பிழைத்திருப்பதைப் பார்த்துவிட்டு அதுவே வீடு என்று முடிவுகட்டுகிறோம்.

ஊர்வன பகுதியில்தான் எங்களுக்குப் பாதி நாள் போனது. "பால் பைதான்" என்று எழுதிய பெட்டி முன்னால் நின்று, "மாமா, இது பால் குடிக்குமா?" என்று கேட்டான். அந்த 'பால்' பந்து என்று சொல்லிப் புரியவைத்தேன். பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்துபோலச் சுருண்டுகொள்ளும், அதனால் அந்தப் பெயர். அப்போது ஒலிபெருக்கிக்காரர் சொன்னது: "எவ்வளவு சமத்தா சுருண்டிருக்கு பாருங்க!" பையன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். புகைப்படத்துக்காக ஒவ்வொரு கழுத்தாக மாறிக்கொண்டிருந்த பாம்பு அது. கை கழுவும் தொட்டி அந்த வரிசைக்குப் பக்கத்தில் இல்லை, அரங்கின் மறுமூலையில் இருந்தது. ஊர்வனவற்றின் உடம்பில் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும். சின்னக் குழந்தைகள் பாம்பைத் தடவிய கையோடு விரல் சூப்பிக்கொண்டு போனார்கள்.

இன்னொரு பெட்டியில், உடம்பில் சிலந்தி வலை போட்ட மாதிரி கோடுகள் கொண்ட ஒன்று. 'ஸ்பைடர்' என்று சொல்லும் வகை. தலையை மெல்ல ஆட்டிக்கொண்டே இருந்தது. "டான்ஸ் ஆடுது!" என்றார் ஒரு அம்மா. ஆட்டம் இல்லை அது. அந்தக் கோலத்தைத் தருகிற மரபணுவோடு தலை நடுக்கமும் கூடவே வருகிறது. சில பாம்புகளுக்கு இரையைக் குறிபார்த்துப் பிடிக்கவே முடியாது. அழகுக்காகத் தெரிந்தே இனப்பெருக்கம் செய்கிறார்கள். எத்தனை வருஷம் என்று கேட்டோம். "இருபது, முப்பது" என்றார் கடைக்காரர், பெருமையாகவே. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் உயிரியல் பூங்காவுக்கு 1961இல் வந்த ஒரு பால் பைதான், பல வருடங்களாக ஆண் துணையே இல்லாமல் 2020இல் ஏழு முட்டை இட்ட கதையை நான் சொன்னேன். அவருக்குத் தெரியவில்லை, ஆனால் மிகவும் பிடித்துவிட்டது. அடுத்து வந்தவரிடம் அதைச் சொல்லியே பாம்பை விற்கப் பார்த்தார்.

அப்புறம் அந்த ஆமை. சுல்காட்டா. உள்ளங்கையில் அடங்கும் குட்டி, இலையை மென்றுகொண்டிருந்தது. பையன் அங்கேயே விழுந்துவிட்டான். "எவ்வளவு பெரிசாகும்?"

"மெதுவாத்தான் வளரும் தம்பி."

"எவ்வளவு?"

அவர் கையை விரித்துக் காட்டினார். ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு. சஹாராவின் தெற்கு விளிம்பில் வாழும் இந்த ஆமை, நிலத்தில் வாழும் ஆமைகளில் உலகத்திலேயே பெரியவற்றில் ஒன்று. 50 கிலோ தாண்டுவதும் உண்டு. வெயிலுக்குத் தப்ப ஆள் நுழையும் அளவுக்கு வளை தோண்டும். வயது 70க்கு மேலும் போகும். நான் சொல்லச் சொல்லப் பையன் எழுதினான். நான்காவது கட்டத்தில் 81 என்று போட்டுவிட்டு, "அப்போ நான் தாத்தா" என்றான். கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்தபடி என்னையே பார்த்தான். மனதுக்குள் இன்னொரு கூட்டல் ஓடுகிறது என்று தெரிந்தது. நல்ல பிள்ளை, விடையை வாய்விட்டுச் சொல்லவில்லை.

பக்கத்துத் தொட்டியில் காசு அளவில் பச்சை ஆமைக் குஞ்சுகள், கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை. இவையும் ஓட்டளவு 30 செ.மீ. வரை வளரும், 30 வருடம் வரை இருக்கும். வளர்ந்ததும் பக்கத்துக் குளத்தில் விட்டுவிடுகிறார்கள். உலகத்தின் மிக மோசமான 100 ஊடுருவிகள் பட்டியலில் இதுவும் உண்டு. வட அமெரிக்காவிலிருந்து கிளம்பி இன்றைக்கு அது இல்லாத இடம் குறைவு. நடந்து போகவில்லை, நாம்தான் கொண்டுபோனோம்.

பறவைகளிடம் வந்தபோது மதியம் தாண்டிவிட்டது. நாம் லவ் பேர்ட்ஸ் என்று கூப்பிடுவதில் பாதி உண்மையில் பட்ஜி. பட்ஜி ஆஸ்திரேலியாக்காரன், லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்கா. இதை நான் எடுத்துச் சொன்ன ஸ்டால்காரர், "தெரியும் சார், ஆனா பட்ஜின்னு எழுதினா யாரும் நிக்க மாட்டேங்கிறாங்க" என்றார்.

வெள்ளைக் கொண்டைக்கிளி ஒன்று மார்பில் இறகே இல்லாமல் உட்கார்ந்திருந்தது. "இறகு உதிர்ற காலம்" என்றார்கள். இறகு மாற்றும் பறவை இப்படி மொட்டையாகாது. அதோடு அதன் தலையில் மட்டும் இறகு முழுசாக இருந்தது. தன் அலகு எட்டாத ஒரே இடம் தலைதான். மற்ற இடத்தில் எல்லாம் தானே பிடுங்கிப் போட்டிருக்கிறது. நோயாலும் இப்படிச் செய்யும். தனிமையாலும் சலிப்பாலும் செய்யும். இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த குக்கி என்ற கிளி, சிகாகோ பக்கத்து உயிரியல் பூங்காவில் 83 வயது வரை இருந்து 2016இல்தான் போனது. அந்த எண்ணைச் சொன்னதும் பையன் எழுதவில்லை. கூண்டையே பார்த்துக்கொண்டு, "இது இப்ப எத்தனை வயசு மாமா?" என்றான். கேட்டோம். ஆறு.

சாம்பல் கிளிகளின் காலில் வளையம் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். குஞ்சு சில நாள் வயதில் இருக்கும்போது மட்டுமே மாட்டக்கூடிய, மூட்டில்லாத வளையம் என்றால் அது கூண்டில் பிறந்தது என்று பெரும்பாலும் நம்பலாம். வெட்டி இணைத்த வளையம் எந்த வயதிலும் போடலாம், அதனால் எதையும் நிரூபிக்காது. காட்டில் பிடித்து விற்றே தீர்ந்துபோகும் நிலை வந்ததால்தான் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியை 2016இல் சர்வதேச வணிகத் தடைப் பட்டியலில் சேர்த்தார்கள். நான் பார்த்ததில் இரண்டுக்கு வளையமே இல்லை. கேட்டேன், பேச்சை மாற்றினார்கள்.

முயலை மல்லாக்கப் போட்டு "தூங்க வைக்கும்" வித்தை ஒரு மூலையில் நடந்தது. சிங்கம் கவ்விய இரை பயத்தில் செத்தது போலக் கிடக்குமே, அதுதான் இதுவும், தூக்கம் இல்லை. நிற்கவில்லை, நகர்ந்துவிட்டோம். ஹாம்ஸ்டரிடம் பையன் முகம் மலர்ந்தது. "ரெண்டு மூணு வருஷம்தான் மாமா! எனக்கு 14தான் ஆகும்!" ஆனால் ராத்திரி முழுக்கச் சக்கரத்தில் ஓடும், பகலெல்லாம் தூங்கும் என்றதும், அம்மாவுக்கு இதை எப்படிச் சொல்வது என்று யோசிக்க ஆரம்பித்தான்.

பூனைப் பகுதியில் நீண்ட வரிசை, காது மடிந்த ஸ்காட்டிஷ் ஃபோல்டுக்கு. காதை மடிக்கிற அதே மரபணு உடம்பு முழுக்கக் குருத்தெலும்பைக் கெடுக்கிறது, மூட்டு வலி வரும். வரிசையில் நின்ற யாரிடமும் இதைச் சொல்லவில்லை. அதற்குள் எனக்கே என் குரல் அலுத்திருந்தது.

நாய்கள் தடைகளைத் தாண்டி ஓடும் போட்டி மட்டும் மனதுக்கு இதமாக இருந்தது. 1978இல் இங்கிலாந்தின் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் இடைவேளையை நிரப்பத் தொடங்கியதாம் இந்த விளையாட்டு. ஒரு நாய் பாதியில் நின்று, சுரங்கக் குழாய்க்குள் போய், வெளியே வர மறுத்துவிட்டது. கூட்டம் கைதட்டியது. அன்றைக்குத் தன் இஷ்டப்படி நடந்துகொண்ட ஒரே உயிர் அதுதான் என்று நினைக்கிறேன்.

வெளியே போகும் வழியில், கழிப்பறைக்குப் பக்கத்தில், தத்துக் கொடுக்கும் மேஜை. அலங்காரம் இல்லை, கூட்டம் இல்லை. கீழே ஒரு பழுப்பு நாய், முகமெல்லாம் நரை. ஒன்பது வயது. பையன் வழக்கம்போல நோட்டைத் திறந்தான். அந்தப் பெண் அவனுக்குப் பதில் சொல்லுமுன் எங்களைக் கேட்டார். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? வாடகை வீடா, வீட்டுக்காரர் சம்மதிப்பாரா? யார் காலையில் வெளியே கூட்டிப்போவது? நாள் முழுக்க நாங்கள்தான் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தோம். எங்களைக் கேட்டது இவர் ஒருவர்தான்.

"அம்மா வேண்டாம்னா மாமா வீட்டுல வெச்சுக்கலாம்" என்றான் அவன், என்னைக் கேட்காமலே.

"நீங்க என்ன வேலை சார்?"

சொன்னேன். ஊர் சுற்றி எழுதுகிறேன் என்று.

"மாசத்துல எத்தனை நாள் வெளியூர்?"

பதினைந்து, இருபது. "அப்போ இவன் யார்கிட்ட இருப்பான்?" என்று நாயைக் காட்டினார். அன்றைக்கு முழுக்க எல்லாருக்கும் விவரம் சொல்லிக்கொண்டிருந்த எனக்கு அதற்குப் பதில் இல்லை. அவர் கோபப்படவில்லை. ஒரு விண்ணப்பப் படிவத்தை மடித்துப் பையனின் நோட்டுக்குள் வைத்தார். "இவன் இன்னும் நாலு வருஷம் இருந்தா பெரிசு தம்பி" என்றார்.

15 என்று எழுதினான்.

படிவம் இப்போது அக்கா வீட்டு ஃப்ரிட்ஜில், காந்தத்தின் அடியில் இருக்கிறது. பெயர், முகவரி எல்லாம் பையன் கையெழுத்தில். 'காலையில் வெளியே அழைத்துச் செல்பவர்' என்ற இடத்தில் தன் பெயரை எழுதி, அடைப்புக்குறிக்குள் '5.30 மணி' என்று போட்டிருக்கிறான். பெரியவர் கையெழுத்து போட வேண்டிய கட்டம் காலி. நேற்று அக்கா போன் செய்து, நாய்க்கு ஒன்பது வயது என்றால் தடுப்பூசி எல்லாம் போட்டிருப்பார்களா என்று பொதுவாகக் கேட்டாள்.