எடை மேடையில் பாதி, மண்ணில் மீதி: கவுண்டி ஃபேரில் டிராக்டர் புல்லிங்

ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை அமெரிக்காவின் ஒஹாயோ, இண்டியானா, விஸ்கான்சின், அயோவா பக்கம் நடக்கும் கவுண்டி ஃபேர்கள் (மாவட்ட அளவிலான விவசாயத் திருவிழாக்கள்) பலவற்றில் ஒரு சாயங்காலம் டிராக்டர் புல்லிங்குக்கு என்றே ஒதுக்கியிருக்கும். ஸ்லெட் என்கிற எடைவண்டியைப் பின்னால் மாட்டி, 300 அடித் தடத்தில் எவ்வளவு தூரம் இழுக்க முடிகிறது என்பதுதான் போட்டி. கோடு தாண்டினால் ‘ஃபுல் புல்’. இரண்டு மூன்று இன்ஜின்களை வரிசையாகப் பூட்டிய அசுர வண்டிகளும் இதில் உண்டு. ஒஹாயோவின் பௌலிங் கிரீனில் ஆகஸ்ட் மாதம் அவற்றைப் பார்க்கலாம். இங்கே சொல்லப்போவது அவற்றைப் பற்றி அல்ல. வயலில் உழுத டிராக்டரைக் கழுவிக் கொண்டுபோய் இழுக்கிற ‘ஃபார்ம் ஸ்டாக்’ வகுப்பைப் பற்றி மட்டும். ஜான் டியர் 4020, இன்டர்நேஷனல் 1066, ஆலிவர், ஆலிஸ் சால்மர்ஸ் போன்ற பழைய டிராக்டர்கள் எல்லாம் இன்னும் வந்து நிற்கிற இடம் அதுதான்.

ஸ்லெட்டைப் புரிந்துகொள்ளாமல் டிராக்டரைத் தொட வேண்டாம். அது ஒரே எடையாகப் பின்னால் வருவதில்லை. புறப்படும்போது எடைப்பெட்டி பின்சக்கரங்களின் மேல் இருப்பதால் லேசாக உருளும். நகர நகர, அதே சக்கரங்கள் சுழல்வதால் கிடைக்கும் விசையில் பெட்டி முன்னால் ஏறிவரும். முன்பக்கம் ‘பேன்’ என்கிற தட்டையான இரும்புத் தகடு மண்ணில் உட்கார்ந்திருக்கிறது. பெட்டி அதன் மேல் வந்து சேரச் சேர உராய்வு கூடிக்கொண்டே போகும். 100 அடியில் சிரித்துக்கொண்டிருந்த டிராக்டர் 220 அடியில் முக்குவது இதனால்தான். இந்த ஏற்பாடு வருவதற்கு முன்னால், தடத்தின் ஓரத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, ஸ்லெட் கடக்கும்போது ஒவ்வொருவராக அதில் ஏறச் சொல்வார்கள். எடை கூட்டுவதற்கு அன்று இருந்த வழி அது. ஓடுகிற வண்டியில் ஏறுவது எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை.

வகுப்புகள் எடையை வைத்துப் பிரிக்கப்படும்: 5,500, 6,500, 7,500, 8,500, 9,500 பவுண்டு என்று ஆயிரம் ஆயிரமாக ஏறும். ஓட்டுபவர், டீசல், தண்ணீர் எல்லாம் சேர்த்த எடை இது. தேசிய டிராக்டர் புல்லர்ஸ் சங்கம் 1969-ல் உருவானதே ஊருக்கு ஒரு விதி என்றிருந்த நிலையை மாற்றத்தான். ஆனால் கவுண்டி அளவில் இன்றைக்கும் ஃபேருக்கு ஃபேர் விதி மாறும். டிராபார் (ஸ்லெட்டை மாட்டும் பின்பக்க இரும்புத் தண்டு) உயரம், டயர் அளவு, இன்ஜின் ஆர்பிஎம் வரம்பு, முன் எடை எவ்வளவு நீட்டலாம் என்ற நான்கையும் அந்த ஃபேரின் விதித்தாளில் பார்த்துவிட்டுத்தான் வண்டியை டிரெய்லரில் ஏற்ற வேண்டும். போன வாரம் பக்கத்துக் கவுண்டியில் விட்டார்களே என்று எடை மேடையில் வாதாடிப் பயனில்லை.

இனி எடை. இந்த வகுப்பில் தோற்கிறவர்களில் பெரும்பாலோர் குதிரைத்திறன் போதாமல் தோற்பதில்லை. எடையைத் தப்பான இடத்தில் வைத்துத் தோற்கிறார்கள். டிராக்டர் இழுக்கும்போது முன்சக்கரங்களில் இருக்கும் எடை பின்சக்கரங்களுக்கு மாறுகிறது. எவ்வளவு மாறும் என்பது எளிய கணக்கு: இழுவிசையை டிராபார் உயரத்தால் பெருக்கி, முன் பின் அச்சுகளுக்கு இடையிலுள்ள தூரத்தால் வகுக்க வேண்டும். 8,500 பவுண்டு வகுப்பில் ஒரு டிராக்டர், அச்சு இடைவெளி 90 அங்குலம், டிராபார் 20 அங்குலம், இழுவிசை 6,000 பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,333 பவுண்டு முன்னாலிருந்து பின்னால் போகும். முன்னால் 3,000 வைத்திருந்தால் மிச்சம் ஏறக்குறைய 1,670. அது அதிகம். அந்த 1,670 பவுண்டும் ஸ்டீயரிங்குக்கு மட்டும் உதவுகிற சும்மாச் சுமை. முன்னால் 2,000 வைத்தால் மிச்சம் 670 பவுண்டுக்குள், மூக்கு, அதாவது முன்பக்கம், லேசாக மிதக்கும். வேண்டியது அதுதான். 1,300-க்குக் கீழே இறக்கினால் மூக்கு வானத்தைப் பார்க்கும்.

இதே கணக்கில் டிராபாரை 18 அங்குலத்துக்கு இறக்கிப் பாருங்கள். மாறுகிற எடை 1,200 ஆகிவிடும். இரண்டு அங்குலத்தில் 133 பவுண்டு போய்விட்டது. அதனால்தான் 20 அங்குலம் வரை விடுகிற இடத்தில் எல்லோரும் 19¾ அங்குலத்தில் நிற்கப் பார்க்கிறார்கள். அந்தக் கால் அங்குலம் எதற்கு என்றால், மேடையில் அளப்பவர் நாடாவை எப்படிப் பிடிப்பார் என்று நமக்குத் தெரியாது. இன்னொன்று: உயரத்தை அளப்பது டயரில் போட்டிக்கான காற்று வைத்த பிறகு, கான்கிரீட் தரையில். வீட்டில் 18 பிஎஸ்ஐயில் அளந்து செட் பண்ணிவிட்டு ஃபேரில் வந்து 12-க்கு இறக்கினால் டிராபாரும் கூடவே இறங்கிவிடும். அதேபோல் அளந்த பிறகு காற்று ஏற்றினால் உயரம் மீறும். ஜெயித்தவர்களை மறுபடி அளக்கிற ஃபேர்களும் உண்டு.

டிராபார் எந்தத் திசையிலும் அசையக் கூடாது. பக்கவாட்டில் ஆடும் டிராபாராக இருந்தால் இரண்டு பக்கமும் தாங்கல் வைத்து இறுக்க வேண்டும். கொக்கி மாட்டும் புள்ளி பின் அச்சின் மையத்திலிருந்து குறைந்தது 18 அங்குலம் பின்னால் இருக்க வேண்டும் என்பது பல இடங்களில் விதி. அதற்குக் காரணம் உண்டு. மூக்கு ஐந்து டிகிரி எழுந்தால் 18 அங்குலம் பின்னால் இருக்கும் கொக்கி ஏறக்குறைய ஒன்றரை அங்குலம் இறங்கும். உயரம் குறையும்போது தூக்குகிற நெம்பும் குறைந்து, வண்டி தானாகவே அடங்கும். கொக்கியை அச்சுக்குக் கிட்டே கொண்டுவந்தால் இந்தக் காப்பு போய்விடும். டாப் லிங்க்கில், அதாவது பின் அச்சுக்கு மேலே இருக்கும் இணைப்பில், சங்கிலி மாட்டுவது பற்றி யாராவது யோசனை சொன்னால் அவரோடு பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். வண்டி மல்லாந்து ஓட்டுபவர் மேலேயே விழும்.

முன் எடைகளுக்கு 100 பவுண்டு ‘சூட்கேஸ்’ எடைகள்தான் வசதி. கைப்பிடி இருக்கும், ஒரு ஆள் தூக்கலாம், ஒவ்வொன்றாக முன்னும் பின்னும் மாற்றிப் பார்க்கலாம். மாட்டிய பிறகு முழு வரிசையையும் கோர்த்து ஒரு நீளமான போல்ட் போட்டு இறுக்குங்கள். தடத்தில் ஒரே ஒரு எடை கழன்று விழுந்தாலும் அந்த இழுப்பு செல்லாது. டயருக்குள் கால்சியம் குளோரைடு கரைசல் நிரப்பியிருந்தால் இறக்கிவிடுவது நல்லது. அது பின்சக்கரத்திலேயே கட்டிப்போட்ட எடை. 7,500-லும் 8,500-லும் ஒரே இரவில் இழுக்க நினைத்தால் நகர்த்த முடிகிற எடைதான் கைகொடுக்கும்.

ஃபேருக்கு முன்பே பக்கத்துத் தானியக் கிடங்கின் லாரி எடை மேடைக்கு ஒருமுறை போய்வாருங்கள். முதலில் முன்சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு அளவு, பிறகு முழு வண்டிக்கும் ஒரு அளவு. இரண்டுக்கும் ஓட்டுபவர் சீட்டிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். டீசல் ஒரு காலனுக்கு ஏறக்குறைய 7 பவுண்டு. டேங்க்கில் 20 காலன் கூடுதலாக இருந்தாலே 140 பவுண்டு, கிட்டத்தட்ட ஒன்றரை சூட்கேஸ். கிடங்கு மேடையும் ஃபேர் மேடையும் ஒத்துப்போகும் என்று நம்ப வேண்டாம். 20, 30 பவுண்டு குறைவாகவே போய், அங்கே தேவைப்பட்டால் ஏற்றிக்கொள்வது மேல்.

டயர் காற்றைப் பற்றி ஆளுக்கொரு வேதம் வைத்திருக்கிறார்கள். சாதாரண பயஸ் டயர் (உள்ளே இழை அடுக்குகள் குறுக்காக ஓடும் பழைய வகை) என்றால் 12 பிஎஸ்ஐயில் தொடங்கி, தடத்தில் விழுந்த தடயத்தைப் பார்த்து ஒன்று ஒன்றாக மாற்றுங்கள். அந்தத் தடயத்தின் நடுப்பகுதி மட்டும் ஆழமாகப் பதிந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் பதிந்து நடு மங்கலாக இருந்தால் குறைவு. காற்று மிகக் குறைந்தால் டயர் ரிம்மின் மேலேயே வழுக்கிச் சுற்றும். ட்யூப் டயராக இருந்தால் வால்வை அப்படியே பிய்த்துவிடும். இதைக் கண்டுபிடிக்க, ரிம்மிலிருந்து டயர் வரை ஒரு நேர்கோடு சாக்பீஸால் போட்டுவையுங்கள். இழுத்த பிறகு கோடு இரண்டாக உடைந்திருந்தால் வழுக்கியிருக்கிறது என்று பொருள். செலவில்லாத கருவி, ஆனால் பாதிப் பேர் செய்வதில்லை.

பின்சக்கர ஹப் போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்குங்கள். கிளட்ச் ஏற்கெனவே வழுக்குகிறது என்றால் போட்டிக்கு முன் பிளேட் மாற்றியாக வேண்டும். வயலில் தெரியாத வழுக்கல் 200 அடியில் புகையாக வெளியே வரும். டர்போ (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் விசிறி) உள்ள வண்டியில் பம்ப்பைத் திருகி டீசல் கூட்டுகிற ஆசை எல்லோருக்கும் வரும். வெளியேறும் புகையின் வெப்பம் பார்க்கும் மீட்டர் இல்லாமல் அதைச் செய்யாதீர்கள். 1,200 டிகிரி ஃபாரன்ஹீட்டை எல்லையாக வைத்துக்கொள்பவர்கள் அதிகம். அதைத் தாண்டிக் கொண்டே போனால் பிஸ்டன் உருகும். கறுப்புப் புகை பார்க்கக் கம்பீரமாகத்தான் இருக்கும், ஆனால் அது முழுதாக எரியாத டீசல்தான். மேல்நோக்கிய புகைக்குழாயின் குறுக்கே இரண்டு 3/8 அங்குல போல்ட்டுகளைச் சிலுவை மாதிரி போடச் சொல்வது, டர்போ சிதறினால் துண்டுகள் கூட்டத்துக்குள் பறக்காமல் இருக்க. தீயணைப்பான், ஹெல்மெட், பின்னாலிருந்து இழுத்து நிறுத்தும் கில் சுவிட்ச், வண்டி மல்லாந்துவிடாமல் பின்னால் தாங்கும் வீலி பார் இவையெல்லாம் எந்த வகுப்புக்கு எது என்று விதித்தாளில் இருக்கும்.

வரிசை எண்ணைக் குலுக்கிப் போட்டு எடுப்பார்கள். முதல் ஆளாக வருவது கொஞ்சம் சங்கடம், ஏனென்றால் ஸ்லெட்டின் எடை சரியாக இருக்கிறதா என்று அவரை வைத்துத்தான் பார்ப்பார்கள். சரியில்லை என்றால் மாற்றியமைத்து அவருக்கு இன்னொரு வாய்ப்பு தருவது வழக்கம். உங்கள் எண் பின்னால் வந்தால் அந்த நேரத்தைத் தடத்தைப் படிக்கச் செலவிடுங்கள். களிமண் தடத்துக்குத் தண்ணீர் விட்டு ரோலர் ஓட்டியிருப்பார்கள். மேலே இறுகி, ஓரங்குலத்துக்குக் கீழே ஈரமாக இருந்தால் நல்ல பிடி. நாலைந்து வண்டிகள் போன பிறகு எந்தப் பக்கம் பொடிமண் சேர்கிறது, எந்த இடத்தில் எல்லோரும் சக்கரம் சுற்றி நிற்கிறார்கள் என்று பாருங்கள். தடத்தின் நடுவைப் பிடித்துத்தான் போக வேண்டும் என்று சட்டமில்லை. ஓரக்கோட்டைத் தொடாதவரை யாரும் மிதிக்காத மண்ணைத் தேடிப் போகலாம்.

மாட்டும்போது பின்னோக்கி மெதுவாக வந்து, கொக்கிக்காரர் கை காட்டியதும் நிறுத்துங்கள். பிறகு சங்கிலியை அங்குலம் அங்குலமாக இறுக்குங்கள். தளர்வாக வைத்து வெடுக்கென்று இழுத்தால் கொடி சிவப்பாகும், டிராபாரின் கொக்கி ஆணியும் அறுபடலாம். கியர் தேர்வில் புதியவர்கள் செய்யும் தவறு, உயர்ந்த கியரில் சீறிக்கொண்டு போவது. பாதித் தூரத்தில் இன்ஜின் மூச்சு முட்டி நின்றுவிடும். ரொம்பத் தாழ்ந்த கியரில் இன்ஜினுக்கு வேலையே வராது. கடைசி ஐம்பது அடியிலும் ஆர்பிஎம்மைக் காப்பாற்றக்கூடிய மிக உயர்ந்த கியர் எதுவோ, அதுதான் உங்கள் கியர்.

பச்சைக் கொடி வந்ததும் முழு த்ராட்டிலில் கிளட்சை விட வேண்டாம். சக்கரம் நின்ற இடத்திலேயே குழி தோண்டும். 1,500 ஆர்பிஎம் அளவில் கிளட்சை ஒரே சீராக முழுவதும் விட்டு, வண்டி நகர்ந்த பிறகு, முதல் 15, 20 அடிக்குள் கை த்ராட்டிலை முழுவதும் தள்ளுங்கள். கிளட்ச் பெடலில் பாதிக் கால் வைத்துக்கொண்டே போனால் பிளேட் கருகும். மூக்கு மிதக்கத் தொடங்கியதும் ஸ்டீயரிங் வெறும் அலங்காரம். திருப்புவதற்கு இடது வலது பிரேக்குகள்தான், எனவே இரண்டு பெடலையும் சேர்த்துப் பூட்டும் கொண்டியை ஏறும்போதே கழற்றிவிட்டிருக்க வேண்டும். இரண்டு பின்சக்கரங்களையும் ஒன்றாகச் சுழலவைக்கும் டிஃபரென்ஷியல் லாக் போட்டால் இந்த பிரேக் வித்தை வேலை செய்யாது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு போங்கள். பிரேக்கையும் தொட்டுத் தொட்டுத்தான் மிதிக்க வேண்டும். அழுத்தி மிதிக்கும் ஒவ்வொரு முறையும் சில அடிகளைக் கொடுத்துவிட்டுப் போகிறீர்கள்.

மூக்கு எதிர்பார்த்ததைவிட உயர்ந்தால் கிளட்சை மிதிக்கத்தான் கால் போகும். மிதிக்காதீர்கள். முன்பக்கம் ஒரு டன் எடையோடு தொப்பென்று விழுந்து முன் அச்சையோ எடை பிராக்கெட்டையோ உடைக்கும். த்ராட்டிலைக் கொஞ்சம் பின்னுக்கு எடுத்தால் அதுவே மெல்ல இறங்கும். வண்டி முன்னேறுவது நின்று சக்கரம் மட்டும் சுற்றுகிறது என்றால் அதற்கு மேல் ஒரு அங்குலமும் கிடைக்கப்போவதில்லை. த்ராட்டிலை இறக்கி, கிளட்சை மிதித்து நிறுத்துங்கள். குழி தோண்டினால் அடுத்தவர் தடம் கெடும், உங்கள் பின் அச்சும் முறியலாம். தூரத்தை அடியிலும் அடியின் நூறில் ஒரு பங்கிலும் அறிவிப்பார்கள். இரண்டாமிடத்துக்கும் மூன்றாமிடத்துக்கும் இடையில் அரை அடிகூட இல்லாத இரவுகள் சாதாரணம். ஒருவருக்கு மேல் ஃபுல் புல் போட்டால் ஸ்லெட்டில் எடை கூட்டி அவர்களுக்குள் மறுபடி இழுக்கவிடுவார்கள். அதற்குள் இன்ஜின் ஆற நேரம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குக் கிளம்புமுன் டயரில் காற்றை ஏற்றிவிடுங்கள். ஹப் போல்ட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். ஒன்றிரண்டு கால் சுற்று திரும்பும். டார்ச் அடித்துச் சாக்பீஸ் கோட்டைப் பாருங்கள். இடது டயரில் கோடு நேராகவும் வலது டயரில் ரெண்டு விரல் விலகியும் இருந்தால், அடுத்த சனிக்கிழமைக்கு வலது டயருக்கு மட்டும் ஒரு பிஎஸ்ஐ கூட்டினால் போதும்.