10 மில்லிகிராமில் பாதி 5 அல்ல

"அவருக்கு 10 பவர்தான் குடுத்திருக்காங்க, எனக்கு 50. எனக்கு அவ்வளவு முத்திப்போச்சா?" மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர்கள் அடுத்தவர் கையிலிருக்கும் அட்டையைப் பார்த்துவிட்டு இப்படிக் கலங்குவது சாதாரணம். எஸ்சிடலோபிராம் 10 மி.கி., செர்ட்ரலின் 50 மி.கி., ஃப்ளுவாக்ஸெட்டின் 20 மி.கி. மூன்றும் ஏறத்தாழ ஒரே வேலையைச் செய்யும் அளவுகள். ஒரு மருந்தின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு ஒப்பிடவே கூடாது. ஒரே மருந்துக்குள்கூட இந்த எண்கள் நேர்க்கணக்கில் போவதில்லை. டோஸைக் கூட்டும்போதும் நிறுத்தும்போதும் நோயாளிகள் படும் பாட்டில் பெரும்பகுதி இதைச் சொல்லிக் கொடுக்க ஆளில்லாததால் வருவது.

காலியாக வந்து நிற்கும் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஏறுகிறவர்களுக்கெல்லாம் சீட் கிடைக்கும். நிரம்ப நிரம்ப, புதிதாக ஏறுகிறவர் சீட்டைத் தேட வேண்டியிருக்கும். மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருளை நரம்பணுவுக்குள் திரும்ப இழுத்துக்கொள்ளும் புரதங்கள்தான் அந்த சீட்டுகள். மருந்து அவற்றில் போய் உட்கார்ந்து, இழுக்கும் வேலையைத் தடுக்கிறது. எஸ்சிடலோபிராமுக்கு அண்ணன் முறையான சிடலோபிராம் மருந்தை வைத்து மூளை ஸ்கேனில் கணக்கிட்டிருக்கிறார்கள். 20 மி.கி. கொடுத்தால் சுமார் 80 சதவீத சீட்டு நிரம்பிவிடுகிறது. அதை மூன்று மடங்காக்கி 60 கொடுத்தாலும் 88ஐத்தான் தொடுகிறது. கீழே இறங்கிப் பார்த்தால் கதையே வேறு: வெறும் 5.4 மி.கி.யே 60 சதவீதத்தைப் பிடித்துவிடுகிறது, 2.3 மி.கி. 40 சதவீதத்தை.

அதனால்தான் நடுத்தர டோஸைத் தாண்டிக் கூட்டும்போது பலருக்கு நன்மை கொஞ்சமாகவும் பக்கவிளைவு தாராளமாகவும் கிடைக்கிறது. எஸ்சிடலோபிராமின் உச்ச அளவு 20 மி.கி.; 65 வயதைக் கடந்தவர்களுக்குப் பொதுவாக 10 மி.கி. மட்டுமே, ஏனென்றால் டோஸ் ஏற ஏற இதயத் துடிப்பின் மின்னோட்டம் பாதிக்கப்படலாம். செர்ட்ரலின் 200 வரை போகலாம். ஆனால் எஸ்சிடலோபிராம் 10 மி.கி.யை இரண்டு வாரம் எடுத்துவிட்டு "கேட்கவில்லை" என்று டோஸைக் கூட்டச் சொல்வது அவசரம். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், ஒரு மருந்து கேட்கிறதா இல்லையா என்று முடிவு செய்ய நான்கு முதல் ஆறு வாரம் வேண்டும்.

சங்கடம் என்னவென்றால், பக்கவிளைவு முதல் நாளே வந்துவிடும். வயிற்றைப் புரட்டும், தலை வலிக்கும், காரணமில்லாமல் கொட்டாவி வரும், கை லேசாக நடுங்கும், தாடை இறுகும். செர்ட்ரலினில் வயிற்றுப்போக்கு கூடுதல். சாப்பாட்டுக்குப் பின் போட்டால் புரட்டல் குறையும். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானாக அடங்கிவிடும். தூக்கம் கெட்டால் காலையிலும், அசத்தினால் இரவிலும் போட வேண்டியதுதான். பதற்றம் மிகுந்தவர்களுக்கு எஸ்சிடலோபிராமை 5 மி.கி.யிலும் செர்ட்ரலினை 25 மி.கி.யிலும் தொடங்கி ஒரு வாரம் கழித்து ஏற்றுவது நல்ல வழக்கம்.

இந்த முதல் வாரங்களில் ஒன்றை மட்டும் பொறுத்துக்கொள்ளக் கூடாது. உட்கார்ந்தால் எழத் தோன்றும், எழுந்தால் நடக்கத் தோன்றும், நடந்தாலும் அடங்காது. இருப்புக்கொள்ளாமை என்று நம் ஊரில் சொல்வதேதான். நோய் முற்றிவிட்டது என்று எண்ணி டோஸைக் கூட்டினால் இது இன்னும் மோசமாகும். 25 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தொடக்கத்திலும் டோஸ் மாற்றும்போதும் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மருந்துக் குறிப்பிலேயே கட்டம் கட்டி எச்சரிக்கை வைத்திருக்கிறது; 2004இல் சிறுவர்களுக்கு என்று வந்தது, 2007இல் 24 வயது வரை நீட்டப்பட்டது. அந்த எண்ணம் தலைகாட்டினால் அடுத்த அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவரைப் பிடியுங்கள். அரசின் மனநல உதவிக்கான 14416 டெலி மானஸ் இலவச எண் இரவிலும் எடுக்கப்படும். தூக்கமே தேவைப்படாமல் உற்சாகம் கொப்பளித்து, பேச்சும் செலவும் கட்டுமீறிப் போனாலும் அன்றே சொல்ல வேண்டும். அது சோர்வும் மிகை உற்சாகமும் மாறி மாறி வரும் இருமுனை நோயின் (பைபோலார்) அடையாளமாக இருக்கலாம்.

வீட்டுப் பெரியவர்களிடம் கவனிக்க வேண்டியது சோடியம். இந்த மருந்துகள் ரத்தத்தில் சோடியத்தை இறக்கிவிடலாம். ஹைட்ரோகுளோரோதயசைடு கலந்த ரத்தக்கொதிப்பு மாத்திரையும் சேர்ந்துகொண்டால் ஆபத்து இன்னும் கூடும். புதிதாக மாத்திரை தொடங்கிய இரண்டு, மூன்று வாரத்தில் அம்மா தடுமாறி நடக்கிறார், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார் என்றால் "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடாதீர்கள். ஒரு ரத்தப் பரிசோதனை போதும். சோடியம் 135க்குக் கீழே இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். இந்த மருந்துகளோடு மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக்கும் போடுகிறவர்களுக்கு வயிற்றில் ரத்தக்கசிவு ஏற்படலாம், மலம் கறுப்பாகப் போனால் அதுதான் அடையாளம். டிரமடால் கலந்த வலிமாத்திரையை மருந்துக்கடையில் நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஆண், பெண் இருவருக்கும் வரும், இருவருமே வாய்திறக்காத பக்கவிளைவு தாம்பத்தியத்தில். ஆசை குறைவது, உச்சம் தள்ளிப்போவது அல்லது வராமலே போவது. குமட்டலைப் போல இது இரண்டு வாரத்தில் போவதில்லை. மருந்து இருக்கும்வரை இருக்கும் வாய்ப்பே அதிகம். மருத்துவரிடம் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு மாத்திரையைத் தூக்கிப் போட்டவர்கள் ஏராளம். டோஸைக் குறைப்பது, மிர்டசபின் போன்ற வேறு மருந்துக்கு மாறுவது என்று வழிகள் உண்டு. (மிர்டசபினில் பசி எடுக்கும், எடை ஏறும், அதையும் தெரிந்துகொண்டே மாற வேண்டும்.) "தாம்பத்தியத்தில் பிரச்சினை" என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதி நீட்டினாலே மருத்துவருக்குப் போதும்.

நிறுத்துவதற்கு முன் அட்டையைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். நம் நாட்டில் எஸ்சிடலோபிராம் 10 மி.கி.யோடு குளோனாசிபாம் 0.5 மி.கி. சேர்ந்த கூட்டு மாத்திரை மிகச் சாதாரணம். பெயருக்குப் பின்னால் "பிளஸ்" மாதிரி ஓர் ஒட்டு மட்டும் இருக்கும். குளோனாசிபாம் பதற்றத்தைத் தணிக்கும் வேறு வகை மருந்து, உடல் அதற்குப் பழகிவிடும். மாதக்கணக்கில் எடுத்துவிட்டு ஒரே நாளில் நிறுத்தினால் தூக்கம் அறவே போகும், சிலருக்கு வலிப்புகூட வரலாம். கூட்டு மாத்திரையைப் பாதியாக்கினால் இரண்டும் ஒன்றாகக் குறையும், எது என்ன செய்கிறது என்றே தெரியாது. இரண்டையும் தனித்தனி மாத்திரையாக எழுதித் தரச்சொல்லி, ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைக் குறைப்பதுதான் சரி.

இப்போது பஸ்ஸுக்கு வருவோம். சிடலோபிராமில் வேலை செய்யும் பாதிதான் எஸ்சிடலோபிராம் என்பதால் 10 மி.கி. எடுப்பவருக்கு ஏறக்குறைய 80 சதவீத சீட்டு நிரம்பியிருக்கும். 5க்கு இறக்கினால் 70ஐ ஒட்டி வரும். பத்து சதவீதம்தான் இறங்கியது, பலருக்கு ஒன்றும் தெரியாது. "சுலபமா இருக்கே" என்று 5லிருந்து பூஜ்யத்துக்குப் போனால் மீதி 70 சதவீதமும் ஒரே வாரத்தில் காலி. அங்கேதான் இடி. இரண்டு தடவையும் குறைத்தது அதே 5 மி.கி.தான், மூளைக்கோ ஏழு மடங்கு வித்தியாசம்.

ஆகவே கீழே வரவரப் படிகள் சிறிதாக வேண்டும்: 10, 5, 2.5, 1.25, பிறகு அதற்கும் கீழே. ஒவ்வொரு படியிலும் இரண்டு முதல் நான்கு வாரம். வருடக்கணக்கில் எடுத்தவர்கள் இன்னும் மெதுவாக. பிரிட்டனின் மனநல மருத்துவர்கள் கல்லூரி 2020இல் இந்த முறையை வழிகாட்டியாகவே வெளியிட்டது. 5 மி.கி. மாத்திரையைப் பிளேடால் வெட்டாமல் மருந்துக்கடையில் கிடைக்கும் மாத்திரை வெட்டியில் வெட்டுங்கள். இரண்டு துண்டும் சமமாக இராது. பரவாயில்லை, ஒன்றை இன்றும் மற்றதை நாளையும் போட்டுவிட்டால் கணக்கு சரியாகிவிடும். பத்து மாத்திரையை ஒரேயடியாக வெட்டி வைக்காதீர்கள், பொடிந்துவிடும். 2.5க்குக் கீழே கத்திக்கு வேலையில்லை. திரவ மருந்து கிடைக்குமா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் மருத்துவர் சம்மதத்தோடு, 5 மி.கி. சாதா மாத்திரை ஒன்றை 10 மி.லி. தண்ணீரில் கரைத்து, நன்றாகக் குலுக்கி, ஊசியில்லாத சிரிஞ்சில் வேண்டிய அளவை மட்டும் உடனே உறிஞ்சிக் குடிக்கலாம், 1 மி.லி.யில் 0.5 மி.கி. இருக்கும். மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள், நாளைக்கு வைக்காதீர்கள். வென்லாஃபாக்சின், டுலோக்ஸெட்டின் காப்ஸ்யூல்களுக்கும், மெதுவாகக் கரையும் பராக்ஸெட்டின் மாத்திரைக்கும் இது ஆகாது. அவற்றை வெட்டவோ நசுக்கவோ கூடாது.

"ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடு" என்ற யோசனை இங்கே ரொம்பப் பிரபலம். எஸ்சிடலோபிராமுக்கு அது தவறான யோசனை. உடலில் அது பாதியாகக் குறைய 30 மணி நேரத்தை ஒட்டி ஆகும். இரண்டாம் நாள் முடிவில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். தினமும் ஏறி இறங்கும் ஊஞ்சலில் மூளையை உட்கார வைப்பது போலாகும். பாதியாக நாட்கணக்கில் எடுத்துக்கொள்ளும் ஃப்ளுவாக்ஸெட்டினுக்கு மட்டும் இது ஓரளவு ஒத்துவரும்.

குறைக்கும் நாட்களில் தினசரி காலண்டரிலேயே டோஸ், தூங்கிய மணி, தலைசுற்றல் இருந்ததா என்று குறித்து வாருங்கள். கண்ணைத் திருப்பும்போது மண்டைக்குள் கரண்ட் அடித்த மாதிரி ஒரு வெட்டு, தலைசுற்றல், கெட்ட கனவு, சட்டென்று அழுகை, இவை டோஸைக் குறைத்த சில நாட்களுக்குள் வந்தால் மருந்து விடுபடும் தொல்லை. நோய் திரும்புவதென்றால் வாரங்கள், மாதங்கள் கழித்து மெல்ல வரும், கரண்ட் அடிக்காது. கொஞ்சமாக இருந்தால் அதே படியில் நின்று காத்திருங்கள். தாங்க முடியாவிட்டால் மருத்துவரிடம் சொல்லி முந்தின படிக்கே ஏறிவிடுங்கள்; பெரும்பாலும் சில நாட்களில் அடங்கும். அங்கே ஒரு மாதம் நின்றுவிட்டு, அடுத்த முறை போன தடவை குறைத்ததில் பாதியை மட்டும் குறையுங்கள்.