டிட் வந்தால் வென்ட் வராது

ஓ.எல் (சாதாரண தரப் பரீட்சை) படிக்கிற காலத்தில், ஆங்கில கிராமர் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் உள்ள வினைச்சொற்களின் மூன்று நிரல் அட்டவணையை எங்கள் வகுப்பில் எல்லோரும் பாடமாக்கினோம். "கோ, வென்ட், கோன்" என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தால் ரியூசனில் நல்ல பெயர். முதல் நிரல் மூலவினை, இரண்டாவது இறந்தகாலம், மூன்றாவது ஹேவ் போன்ற துணைவினையோடு வருவது. ஆனால் கட்டுரை எழுதச் சொன்னால் கொப்பிக்குக் கொப்பி "வீ டிட் நொட் வென்ட் டு பாசிக்குடா" என்றுதான் இருக்கும். அட்டவணை எல்லோருக்கும் தெரியும். வசனத்தில் எந்த நிரலை எடுப்பது என்பதுதான் தெரியாது.

டிட் வந்துவிட்டாலே இறந்தகாலம் சொல்லியாகிவிட்டது. அதற்குப் பிறகு முதல் நிரல் மட்டுமே: டிட் நொட் கோ, டிட் யூ ஸீ. தமிழிலும் "போனேன்" என்போம், மறுத்தால் "போகவில்லை". "போனேனில்லை" என்று யாரும் எழுதுவதில்லையே.

மூன்றாம் நிரல் தனியே நிற்காது. "ஐ ஸீன் ஹிம்" பிழை. "ஐ ஸோ ஹிம்" அல்லது "ஐ ஹேவ் ஸீன் ஹிம்" சரி. வசனத்தில் யெஸ்டர்டே இருந்தால் ஹேவ் வேண்டாம், ஸோ மட்டும்.

அட்டவணையை அகர வரிசையில் பாடமாக்குவது வீண் வேலை என்பது என் கருத்து. ஒரே மாதிரி மாறுகிறவற்றைச் சேர்த்துப் படியுங்கள். ஸிங், ட்ரிங்க், ஸ்விம், பிகின் நான்கிலும் ஐ எழுத்து இரண்டாம் நிரலில் ஏ ஆகும், மூன்றாவதில் யூ ஆகும். ப்ரிங் அந்தக் கூட்டத்தில் சேராது. அது பை, திங்க், ஃபைட் ஆகியவற்றோடு ஓ-யூ-ஜி-எச்-டி என்று முடியும். டீச், கேட்ச் இரண்டிலும் ஏற்கெனவே ஏ இருக்கிறது, அதனால் அவற்றுக்கு ஏ-யூ-ஜி-எச்-டி. இப்படிப் பிடித்துக்கொண்டால் ஸ்பெலிங்கும் தப்பாது. கட், புட், ஹிட் மாறவே மாறாது, அவற்றை விடுங்கள்.

அப்புறம் பயிற்சி. ஆடி அமாவாசைக்கு மட்டக்களப்பு மாமாங்கம் கோயிலுக்குப் போய்வந்ததை எழுதுங்கள். ஒவ்வொரு வசனத்தையும் மறுத்தும் கேள்வியாகவும் திருப்பி எழுதுங்கள். "வீ டுக் த பஸ் ஃப்ரொம் களுவாஞ்சிகுடி." "வீ டிட் நொட் டேக் த ட்ரெயின்." களுவாஞ்சிகுடிப் பக்கம் ரயிலே இல்லை, பாதை மட்டக்களப்போடு முடிந்துவிடும், கிராமருக்கு அது பிரச்சினை இல்லை. டுக், டேக் இரண்டும் எங்கெங்கே வருகின்றன என்று கைக்குப் பழகினால் போதும்.

பேப்பரைக் கொடுக்குமுன் டிட் வந்த இடங்களை மட்டும் ஒருமுறை தேடிப் பாருங்கள். ரீட் என்ற சொல்லையும் கவனியுங்கள். இறந்தகாலத்திலும் எழுத்து அதேதான், உச்சரிப்பு மட்டும் ரெட். ஹீ, ஷீ வந்த வசனத்தில் ரீட் என்ற சொல்லின் முடிவில் எஸ் இல்லையென்றால், டிட் போன்ற துணைவினையும் முன்னால் இல்லையென்றால், அது இறந்தகாலம்.